நத்தைக் கறி

ஓய்வு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. ஆயினும் சிற்றுண்டிச் சாலையின் ஒரு மூலையில் மட்டும் ஆரவாரம் அடங்கவில்லை. சென்று பார்த்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் உணவுக் கலத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு அமர்ந்திருந்தான். அவனைச் சூழ்ந்து நின்ற பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைத் தட்டி, "நத்தை தின்னி, நத்தை தின்னி" என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் கூட்டம் கலைந்தது. அவன் மட்டும் எழவில்லை. அவன் விரல்களுக்கிடையே மஞ்சள் நிறக் குழம்பு கசிந்திருந்தது. கையை எடுக்கச் சொன்னேன். தேங்காய்ப்பாலில் வெந்த, கூம்பு வடிவமான சிறு ஓடுகள் உள்ளே கிடந்தன. ஒன்றைக்கூட அவன் தொட்டிருக்கவில்லை.

நண்பகலில் வகுப்பாசிரியை ஒரு கடிதத்தை என் கையொப்பத்திற்காகக் கொண்டுவந்தார். இளையவர், கடமை தவறாதவர். பிள்ளைகள் கொண்டுவரும் உணவு தூய்மையானதாகவும், பிற மாணவர்க்கு அருவருப்பு ஊட்டாததாகவும் இருத்தல் வேண்டும் என்று அம்மாணவனின் வீட்டாருக்கு அறிவுறுத்தும் கடிதம் அது. தமிழ் பிழையின்றி இருந்தது. எழுதுகோலை எடுத்த நான் 'அருவருப்பு' என்னும் சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

"நத்தை தூய்மையற்ற உணவு என்று உறுதியாகத் தெரியுமா, டீச்சர்?" என்று கேட்டேன்.

"சார், நத்தையாச்சே!" என்றார். அவர் கருத்தில் அதற்கு மேல் சான்று தேவையில்லை.

கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். நானும் உறுதியாக ஒன்றும் அறியாதவன்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. வேறொன்றையும் சொல்லவில்லை, அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் அந்தக் கலத்தில் இருந்தது யாது என்பதைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. நம் நாட்டில் மலாய் மொழியில் 'சீப்புட்' என்னும் ஒரே சொல்லுக்குள் பல உயிர்கள் அடங்கும். கடலோரச் சதுப்பு நிலங்களில் கண்டல் மரங்களின் வேரிலும் சேற்றிலும் ஊர்ந்து வாழ்வது 'சீப்புட் செடுட்'. 'செடுட்' என்றால் உறிஞ்சுதல். ஓட்டின் கூர்நுனியை வெட்டிவிட்டுச் சமைத்து, வாயில் வைத்து உறிஞ்சி உண்பதால் வந்த பெயர். பாலேக் பூலாவ் பக்கத்துச் சதுப்பிலும் அக்கரையில் செபராங் பிறையின் கழிமுகங்களிலும் இது வாழ்கிறது. மலாய்க் குடும்பங்கள் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் மிளகாயும் சேர்த்துச் சமைக்கும் 'மாசாக் லெமாக்' வகைகளுள் இதற்குத் தனிச் சிறப்புண்டு. வயலிலும் வாய்க்காலிலும் வாழும் உருண்டையான பெரிய நத்தை 'சீப்புட் கொண்டாங்'. மூன்றாவது, மழை பெய்த மறுநாள் நம் வீட்டுச் சுவரிலும் வாழைத்தண்டிலும் ஏறும் நீண்ட பழுப்பு ஓட்டு நத்தை. அது இம்மண்ணுக்கு உரியதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர் கைவழியாகப் பரவியது. 1847ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேயர் கல்கத்தாவின் சௌரிங்கித் தோட்டமொன்றில் அதை விட்டதாகவும், அங்கிருந்து ஆசியாவெங்கும் அதன் குடியேற்றம் தொடர்ந்ததாகவும் நூல்கள் கூறுகின்றன. மலாய்க்காரர் அதற்குச் 'சீப்புட் பாபி', அதாவது பன்றி நத்தை, என்று பெயரிட்டுவிட்டனர். பெயரிலேயே விலக்கு வைத்தாயிற்று.

மாணவன் கொண்டுவந்தது முதல் வகை. அதனைக் கண்டு கைகொட்டிச் சிரித்த பிள்ளைகளுள் பாதிப்பேர் வார இறுதியில் பெற்றோருடன் சென்று, கெராங் போட்ட 'சார் குவே தியாவ்' விரும்பி உண்பவர்கள் என்பதை நான் அறிவேன். கெராங் என்னும் அச்சிப்பியும் நத்தையும் மெல்லுடலிகள் என்னும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. பங்காளிகள் என்றே சொல்லலாம். ஒன்று இரட்டை ஓடு, மற்றொன்று ஒற்றை ஓடு. நம் நாக்கு அதை அறியாது. அறிந்தால் சிரிப்பு எங்கே போகுமோ!

தமிழாசிரியன் ஆகையால் நூல்களையும் புரட்டினேன். நத்தைக்கு 'நந்து' என்னும் பழம்பெயர் உண்டு. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பகுக்கும்போது நந்தினை ஈரறிவு உயிராக வைக்கிறது. உடலால் உறுதலும் நாவால் சுவைத்தலும் அதற்கு உண்டு என்பது பொருள். ஓட்டுக்குள் சுருண்டுகிடக்கும் உயிருக்குச் சுவையறிவு உண்டென்று கண்ட அக்காலத்து ஆசிரியர் அதை எத்துணை நேரம் உற்றுநோக்கியிருப்பார்! உணவைப் பற்றியும் நம் முன்னோர் கூச்சப்பட்டவர்களாகத் தெரியவில்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுட்ட இறாலையும் அவித்த வயலாமையையும் உண்டனர் என்று பட்டினப்பாலை மறைக்காமல் சொல்கிறது. இன்றும் தமிழ்நாட்டின் காவிரிப்படுகைப் பகுதிகளில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் மக்கள் வயல் நத்தையைப் பொறுக்கி வந்து சமைப்பதுண்டு. மூலநோய்க்கு அது நல்லதென்பது நாட்டு வழக்கு. சித்த மருத்துவத்தில் நத்தை பற்பம் என்றே ஒரு மருந்து உண்டு. வயலுக்கு உரியவர் நெல்லை உண்டார். வயலில் குனிந்தவர் நத்தையை உண்டார். நத்தையின்மேல் ஏறிய இழிவு அதன் வழவழப்பால் வந்ததன்று. அதை உண்டவர் யார் என்பதால் வந்தது என்றே நான் கருதுகிறேன்.

புலால் உண்ணாமையை நோன்பாகக் கொண்டோர்க்கு இங்கே மறுமொழி ஏதுமில்லை. உயிரிரக்கத்தால் ஆட்டையும் நத்தையையும் ஒருங்கே விலக்குவோர் வணக்கத்திற்குரியவர். ஆட்டை உண்டு நத்தையை இகழ்வோரிடமே என் வழக்கு.

இனி அறிவியல் கூறுவதைப் பார்ப்போம். 1990களில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சத்துணவுப் பாடம் நடத்தப்பட்டது. கோழி, மீன், முட்டை, பருப்பு, பால் என்று பட்டியல் நீண்டது. நத்தை அதில் இல்லை. இன்றைய பாடநூல்களின் உணவுக் கூம்பகத்திலும் அதற்கு இடமில்லை. ஆனால் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிடும் உணவுச் சத்துப் பட்டியலில் நத்தை இருக்கிறது. 100 கிராம் பச்சை நத்தை இறைச்சியில் புரதம் ஏறத்தாழ 16 கிராம், கொழுப்பு 1.4 கிராம் மட்டுமே. ஆற்றல் 90 கலோரி. இரும்புச் சத்து 3.5 மில்லிகிராம், மக்னீசியம் 250 மில்லிகிராம். கோழி முட்டையில் அதே எடைக்குப் புரதம் பன்னிரண்டரை கிராம் அளவே. இரும்பு இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவு. கோழியிறைச்சியின் இரும்பு ஒரு மில்லிகிராம் அளவில் நிற்கிறது. நத்தையின் இனம், அது வாழும் இடம், தின்னும் இரை ஆகியவற்றிற்கேற்ப இவ்வெண்கள் கூடலாம், குறையலாம். பொதுவில், கொழுப்புக் குறைந்து புரதமும் இரும்பும் நிறைந்த இறைச்சி என்பதில் ஐயமில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்வளவு இரும்பு தரும் உயிரின் இரத்தம் பெரும்பாலான நத்தை இனங்களில் சிவப்பன்று. செம்பு கலந்த நிறமியால் இளநீலம் பூண்டது.

மேற்கு ஆப்பிரிக்க மக்கள் நத்தையை நன்கு மதிக்கின்றனர். நைஜீரியாவில் உயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளந்தாய்மார்க்கும் ஏற்ற சிற்றுண்டியாக நத்தை இறைச்சி அடைத்த பணியாரம் ஒன்றைச் செய்து, மாட்டிறைச்சி அடைத்ததோடு ஒப்பிட்டு, 2009ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். உண்டு பார்த்த தாய்மாரும் பிள்ளைகளும் நத்தைப் பணியாரத்தையே விரும்பினராம். இரத்தசோகைக்கு எளிய மருந்தாக அதை அவர் பரிந்துரைத்தார்.

இரத்தசோகை என்றதும் நம் நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் பத்தில் மூவர் இரத்தசோகை உடையவர்கள். எண்ணாக எழுதிவிட்டுக் கடந்துபோக என்னால் இயலாது. அம்மூவருள் ஒருத்தியை நான் நன்கு அறிவேன்.

1979ஆம் ஆண்டு. நிபோங் திபாலுக்கு அருகில் ஒரு தோட்டம். எனக்கு ஒன்பது வயது. அம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். வயிற்றில் என் தங்கை. தோட்ட மருந்தகத்து டிரெசர் அம்மாவின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையேம்மா! ஈரல், இறைச்சி நல்லாச் சாப்பிடணும்" என்று சொல்லி, சிவப்பு மாத்திரைகள் கொடுத்தனுப்பினார். மாத்திரை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை; உண்ட சிறிது நேரத்தில் குமட்டும். இறைச்சி என்பதோ எங்கள் லயத்தில் தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் உரிய சொல்.

தோட்டத்து எல்லையில் ஒரு வாய்க்கால் ஓடியது. அதற்கு அப்பால் வயல்கள். மாலையில் அம்மா ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போவார். கரையோரப் புல்லில் கைவிட்டுத் துழாவி, வயல் நத்தைகளை எடுத்து வாளியில் போடுவார். 'டொக்' என்று அவை விழும் ஒலி இன்றும் என் செவியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு 'ஊமச்சி' என்று பெயர். ஊமைப் பெண் என்னும் பொருளில் அச்சொல் எப்படி நத்தைக்கு ஆயிற்று என்பதைச் சொல்லாராய்ச்சி செய்வோர் விளக்கட்டும். பாட்டிக்கு அது பழகிய உணவு. 1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அரிசி கண்ணில் படாமற்போனபோது மரவள்ளிக்கிழங்கும் ஊமச்சியுமே தம்மைக் காத்ததாகப் பாட்டி சொல்வார்.

ஒரு நாள் பள்ளியில் சத்துணவுப் பாடம். ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி, முதல்நாள் இரவு என்ன உண்டாய் என்று கேட்டார். என் முறை வந்ததும், "கோழிக் கறி" என்றேன். அடுத்த லயத்துப் பையன் விடவில்லை. "பொய் சார்! அவங்க வீட்டுல ஊமச்சி ஆக்குனாங்க. எங்க வீடு வரைக்கும் வாடை வந்துச்சு!" வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அவர் கெட்டவர் அல்லர். சிரிப்பு வந்தது, சிரித்தார். அன்று மாலைவரை எனக்குப் பெயர் ஊமச்சி.

வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் சட்டி இருந்தது. அம்மா கிணற்றடியில் இருந்தார். பழந்துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கி, வாசலுக்கு எதிரே ஓடிய கால்வாயில் கொட்டினேன். குழம்பு படர்ந்து ஓட, நத்தைத் துண்டுகள் அடியில் தங்கின. திரும்பினால் அம்மா நின்றுகொண்டிருந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. சட்டியை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "சரி, இனிமே ஆக்கல" என்றார். அவ்வளவுதான். அதன்பின் எங்கள் வீட்டில் அந்தக் கறி மணக்கவில்லை.

மூன்று மாதத்தில் தங்கை பிறந்தாள். எடை குறைந்த குழந்தை. பேறுகாலத்தில் அம்மாவுக்கு உதிரப்போக்கு மிகுந்து, அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றினார்கள். இருபது நாளுக்கு மேல் வீட்டில் அம்மா இல்லை. நான் கொட்டிய ஒரு சட்டிக் குழம்பால்தான் அவ்வாறு நேர்ந்தது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை. வறுமையும் உழைப்பும் அடுத்தடுத்த பேறுகளும் செய்த வேலை அது. ஆயினும் 100 கிராமுக்கு 3.5 மில்லிகிராம் என்னும் எண்ணை அன்றிரவு படித்தபோது, அடுத்த வரிக்கு என் கண் செல்லவில்லை.

நத்தைக்கு வழக்குரைஞனாக நிற்பதால் அதன் குற்றங்களை மறைப்பது முறையன்று. ஆசிரியர்கள் இதனைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். எலியின் நுரையீரல் குருதிக்குழாயில் வாழும் புழு ஒன்றுண்டு. சீனாவின் காண்டன் நகரில் எலிகளிடம் கண்டு 1935ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. எலியின் கழிவு வழியாக அதன் இளம்புழுக்கள் நத்தையை அடைகின்றன. அந்நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணும் மனிதனின் மூளைவரை அவை செல்லக்கூடும். மூளையுறை அழற்சி உண்டாகும். வயல் நத்தையும் ஆப்பிரிக்க நத்தையும் இப்புழுவைச் சுமப்பவையே. சிட்னி நகரில் 2010ஆம் ஆண்டில் நண்பர்களின் சவாலை ஏற்று ஓர் ஓடில்லா நத்தையை விழுங்கிய இளைஞன் ஒருவன், உடல் செயலிழந்து, எட்டாண்டுகள் துன்புற்று 2018ஆம் ஆண்டில் இறந்தான். ஆகவே தோட்டத்து நத்தையை வெறுங்கையால் எடுத்து விளையாடும் பிள்ளைகளைக் கைகழுவச் சொல்ல வேண்டும். நன்றாகக் கொதித்து முழுவதும் வெந்த நத்தையில் இப்புழு உயிரோடிருப்பதில்லை. அரைவேக்காடுதான் பகை. 1988ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரில் சரியாக வேகாத சிப்பியை உண்டு ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மஞ்சட்காமாலைக்கு ஆளாயினர். இரத்தம் சொட்டச் சொட்டக் கெராங் கேட்கும் நம்மூர்ச் சுவைஞர்கள் இதைச் சிந்திக்கலாம்.

இன்னொரு குற்றம் நத்தையுடையதன்று, நம்முடையது. வாழும் நீரில் உள்ளதையெல்லாம் மெல்லுடலிகள் தம் உடலில் சேர்த்துக்கொள்ளும். பிறைத் தொழிற்பேட்டை வளர்ந்த 1970களில் அதன் கழிவுகள் ஜூரு ஆற்றில் கலந்தன. கோலா ஜூரு மீனவர்களின் மீனும் கெராங்கும் அழிந்தன. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காகக் குரல் கொடுத்ததை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். வயல்களின் கதையும் இதுவே. தென்னமெரிக்காவைச் சேர்ந்த பொன்னத்தை என்னும் இனத்தை 1980ஆம் ஆண்டையொட்டித் தைவானுக்கு உணவுக்கென்றே கொண்டுவந்தனர். வளர்த்தவர் எதிர்பார்த்த விலை கிடைக்கவில்லை, வாய்க்காலில் விட்டுவிட்டனர். அது நாடு நாடாகப் பரவி, 1991ஆம் ஆண்டில் நம் நாட்டு வயல்களிலும் காணப்பட்டது. இளநாற்றைத் தின்று தீர்க்கும் அதனைக் கொல்ல உழவர்கள் மருந்து தெளிக்கின்றனர். நெல்தண்டில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும் அதன் முட்டைக்கொத்தோ தானே நஞ்சு. என் அம்மா வாளி எடுத்துச் சென்ற வாய்க்காலில் இன்று ஒருவர் நத்தை பொறுக்கினால், வேண்டாம் என்றே தடுப்பேன். எங்கிருந்து வந்தது என்று தெரிந்த நத்தையையே உண்ண வேண்டும்.

மூன்றாம் நாள் அந்த மாணவனின் பாட்டியார் பள்ளிக்கு வந்தார். நான் அழைக்கவில்லை. பேரன் இரண்டு நாளாக உண்ணாமல் வந்ததைக் கண்டு தாமே வந்திருக்கிறார். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருப்பவர். பையனின் தாய் தொழிற்சாலையில் இரவு வேலை. நாற்காலியைக் காட்டியும் அமரவில்லை.

"மன்னிச்சிருங்க சார். இனிமே ஆக்கல" என்றார்.

அச்சொற்களை நான் இரண்டாம் முறையாகக் கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. சிறிது நேரம் என்னால் பேச இயலவில்லை. பிறகு, "அம்மா, எங்கே வாங்குறீங்க? எப்படிச் சுத்தம் பண்றீங்க?" என்று கேட்டேன். என்னை ஐயத்தோடு நோக்கினார். அரசுத் துறையிடம் எழுதிப் போடப்போகிறேன் என்று அஞ்சினாரோ என்னவோ. நான் ஒரு தாளை எடுத்து எழுத அணியமானதும் அச்சம் இன்னும் கூடிற்று. "அம்மா, எங்க வீட்டுல ஆக்கத்தான் கேக்குறேன்" என்றேன். அதன்பின்தான் அமர்ந்தார்.

அண்டை வீட்டு மலாய்க்கார மாதிடம் அவர் கற்றுக்கொண்ட முறை இது. நத்தைகளை ஓரிரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, நீரை மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். வயிற்றுச் சேறு வெளியேறிவிடும். மிதப்பவை செத்தவை, எறிந்துவிட வேண்டும். ஓட்டின் நுனியைக் கத்தியால் தட்டி ஒடித்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மஞ்சளும் செராயும் மிளகாயும் அரைத்துப் போட்டு நெடுநேரம் கொதித்த பிறகே தேங்காய்ப்பால். "அவசரப்பட்டா வயித்தக் கெடுத்துரும் சார்" என்றார். எலிப்புழுவைப் பற்றி எந்நூலும் படிக்காதவர் அவர்.

மறுவாரம் ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடவேளை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சந்தையில் வாங்கிய சீப்புட் செடுட், கெராங், கணவாய் ஆகிய மூன்றையும் தட்டில் வைத்து, இவை மூன்றும் ஒரே தொகுதி என்று விளக்கினேன். கணவாய் நத்தையின் உறவு என்றதும் பலருக்கு முகம் மாறியது. சத்துப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதினேன். எது நல்லது என்று நான் கூறவில்லை; எண்களை ஒப்பிட்டு அவர்களே கண்டார்கள். இறுதியில், "உங்க வயசுல நானும் ஊமச்சிக் கறி சாப்பிட்டவன்தான்" என்றேன். நாற்பத்தைந்து ஆண்டுகளில் அதை நான் வெளியே சொன்னது அன்றுதான் முதல் முறை. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. வகுப்பு அமைதியாயிற்று. சிரிப்பு வரும் என்றெண்ணி நான் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கை உயர்த்தி, "நல்லா இருக்குமா சார்?" என்று கேட்டாள். நான் வாய் திறக்கும் முன், பின்வரிசையிலிருந்து அந்த மாணவன், "எங்க பாட்டி ஆக்குனா நல்லா இருக்கும்" என்றான்.

வகுப்பாசிரியை முற்றும் உடன்பட்டார் என்று கூற மாட்டேன். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். "என்னால சாப்பிட முடியாது, சார்" என்றும் சொன்னார். உண்ண வேண்டாம், சிரிக்காதிருந்தால் போதும் என்றேன். அவ்வாண்டு நான் வென்றது அவ்வளவே.

அம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. என்னுடன்தான் இருக்கிறார். பாட்டியார் சொல்லிய முறைப்படி நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்து, சின்னக் கிண்ணத்தில் எடுத்துச் சென்று அவர்முன் வைத்தேன். கண்பார்வை மங்கியவர், மணத்தால் அறிந்துகொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான், சட்டியைக் கொட்டிய அந்த மாலையைப் பற்றி என் வாழ்வில் முதன்முறையாகப் பேசினேன். "என்னால நீங்க அதுக்கப்புறம் சாப்பிடாமலே இருந்துட்டீங்களே அம்மா" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

அம்மா ஓர் ஓட்டை எடுத்து உறிஞ்சினார். மென்றார். விழுங்கினார்.

"யாருடா சொன்னது, நான் நிறுத்திட்டேன்னு?" என்றார். "எதிர்வீட்டு அக்கா வீட்டுல ஆக்கித் தின்னுட்டுத்தான் வருவேன். நீ பள்ளிக்கூடம் போன பெறகு. உன் தங்கச்சி பொறக்குற வரைக்கும்."

நான் வாயடைத்து நின்றேன். அவர் இன்னொன்றை எடுத்து, விரலால் ஓட்டைத் தடவிப் பார்த்தார்.

"உப்புப் போட்டுத் தேய்க்கலியா? வழவழப்பு அப்படியே இருக்குது பாரு" என்றார்.